கொடும்பாவிக்கு நான் எழுதிய ஒப்பாரி

ஆறு பீங்கான் கோப்பைகள் ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்திருந்தன. ஆணியைப் பெயர்த்து மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. பழைய வைக்கோல், கொஞ்சம் புழுதி, கொஞ்சம் தொழுவம். மனைவி கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

"வைக்கோலைப் பார்த்த மாடுகூட இப்படித் தவிக்காது" என்றாள்.

அவளிடம் என்னவென்று சொல்வது? எனக்கு அது ஒரு பெண்ணின் வாசனை. வைக்கோலால் செய்த பெண். அவளுக்குத் தண்டனை எழுதித்தரச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் அவளுக்கு வக்கீலாகிவிட்டேன். நாற்பத்தாறு வயதாகிறது, எட்டு நாவல்கள் எழுதியாகிவிட்டது, இன்னும் அந்த வழக்கு என் காலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே எங்கள் ஊர். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நாவலாசிரியன் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். நாவல்தான் முடியவில்லை, ஆசிரியன் தயாராக இருந்தான். உட்கார்ந்தால் எழுத வராது. பேனாவைத் திறந்ததும் கால் எழுந்துகொள்ளும். ஏரிக்கரை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நடை, ஒரு அத்தியாயத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. எதிரில் வருகிறவர்கள் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இன்னா தம்பி, மாடு காணோமா?"

இல்லை, யோசிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் ஆமாம், செவலைக் கன்று என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மூன்று திசையில் தேடிவிட்டு வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு செவலைக் கன்றையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அது காவாந்தண்டலத்துக்காரருடைய கன்று. அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டு, திருடவில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. என் கற்பனைக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

பட்டணத்து வாரப்பத்திரிகை ஒன்றில் என் கதை ஒன்று வந்திருந்தது. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு கடைசில செத்துட்டாளா இல்லியா?" என்று கேட்டார்.

"தெரியல நைனா."

"எழுதினது நீதானே?"

அதற்குமேல் எங்கள் வீட்டில் இலக்கியம் பேசப்படவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. ஐப்பசி என்றால் அடைமழை என்று சொல்வார்கள். அந்த ஐப்பசி, வந்த விருந்தாளி வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவதுபோல இருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. மதகின் மேல் ஓணான் வெயில் காய்ந்தது. நாற்றங்காலுக்கு மட்டும் கிணற்றடி நீரை இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். நாற்று நுனி பழுத்து, கணு வைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நாள் போனால் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மேகம் வரும். நம் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டுமென்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பங்காளியைப்போல, எங்கள் தலைக்கு மேல் வந்ததும் வேகம் பிடித்து மானாம்பதிப் பக்கம் போய்விடும்.

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு பெண்ணுருவாக வைக்கோலில் கட்டி, தெருத்தெருவாகத் தரையில் இழுத்து, அவள் செய்த பாவங்களை ஒப்பாரியில் சொல்லித் திட்டி, கடைசியில் ஏரிக்குள் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவி எரிந்தால் வானம் இறங்கும். ஏன் பாவி எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அப்போது நானும் கேட்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள், ஏரி நிறைந்தால் உபரி நீர் வழியும் கலங்கல் மேல் உட்கார்ந்து பேசினார்கள். நான் சற்றுத் தள்ளி நடந்துகொண்டிருந்தேன். நைனா சொன்னது காதில் விழுந்தது.

"மூணு வருஷமா அதே பாவத்தச் சொல்லித்தான் இழுக்கறோம். தண்ணி குடுக்காதவளே, தானம் பண்ணாதவளேன்னு. வானத்துக்குக் கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சி. புதுசா நாலு பாவம் வேணும்."

"புதுசுக்கு எங்க போறது?" என்றார் ஒருவர்.

"நம்ம வூட்ல ஒருத்தன் கீறான். வேல வெட்டி இல்லாம அதத்தான் எழுதிக்கினு கீறான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நின்றேன். அந்தக் காலத்தில் நான் நின்றது அபூர்வம். எந்தப் பத்திரிகையும் என்னை எழுது என்று கேட்டதில்லை. இதோ ஓர் ஊர் கேட்கிறது. அன்று வீட்டுக்கு நடந்த நடையில் என் வேட்டி இரண்டு முறை அவிழ்ந்தது.

பாட வேண்டியவர் யார் என்பதில் பேச்சே இல்லை. சேரியில் ஓர் அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நடவு நேரத்தில் பெண்களுக்கு முன்னால் நின்று பாட்டெடுப்பவர் அவர்தான். எங்கள் கழனியிலும் அவர்தான். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஆனால் அவர் கை படாத கழனியும் ஊரில் கிடையாது. சேரியில் பிரசவம் பார்ப்பவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுவார், வேலை நாளில் சேற்றில் பாடுவார், சாவு விழுந்தால் ஒப்பாரி வைப்பார். மாதா கோயிலுக்குப் போகிறவள் கொடும்பாவிக்கு அழலாமா என்று யாரோ கேட்டதற்கு, "மள பேஞ்சா மாதா கோயில் கூரையிலியுந்தான் ஒளுவுது" என்று பதில் சொன்னவர்.

அப்போது நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். ஊர் வழக்கம் அது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவர் என்னைச் சின்னய்யா என்பார். ஆனால் அந்தச் ‘சின்னய்யா’வுக்குப் பின்னால் வருகிற வார்த்தைகளில் பணிவு எதுவும் இருக்காது.

எங்கள் களத்துமேட்டில் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்போ இளுக்கறாங்க?"

"செவ்வாய்க்கெழம."

"வெள்ளிக்கெளம மேஸ்திரி வரான் சின்னய்யா. அரக்கோணத்துக்கு அந்தாண்ட ரயில் ரோட்டுக்கு மண்ணு அடிக்கணுமாம். சேரில பதினெட்டு ஆளுங்க பேர் குடுத்துக்கீறோம். எம் மருமவனும் வரான். நானும் குடுத்துட்டேன்."

"உன் பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம் இல்ல?"

"அதான் சொல்றேன். இந்தச் சேரில கீற கொயந்தைங்க அத்தினியும் எங் கையில பொறந்துச்சி. எம் பேரப்புள்ள மட்டும் யாரு கையிலியோ பொறக்கணும்னு கீது. கண்ணு தெரியாத அவ மாமியாகிட்ட வுட்டுட்டுப் போவணும்." முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தார். "வியாயனுக்குள்ள மள வந்தா நடவு கீது. நடவு இருந்தா நான் போவல. அவ்ளதான். பாட்டு காரமா எளுது."

எழுதுகிறேன் என்றேன். வியாழக்கிழமைக்குள் மழை. நான்கு நாளில் பாட்டு. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடத் தெளிவான கெடுவை எந்தப் பத்திராதிபரும் வைத்ததில்லை.

காரமாகத்தான் ஆரம்பித்தேன். கொடியவளே, பாவியே என்று இரண்டு வரி வேகமாக வந்தது. பிறகு கால் எழுந்துகொண்டது. வெடித்த ஏரிக்குள் இறங்கி நடந்தேன். தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதவள். சரி. ஏன் கொடுக்கவில்லை? வீட்டில் தண்ணீர் இல்லையா? இருந்ததா? எவ்வளவு இருந்தது? பானை எந்த மூலையில் இருந்தது? உள்ளே வேறு யாராவது படுத்திருந்தார்களா? எனக்கு இது ஒரு வியாதி. ஒருத்தியைத் திட்ட வேண்டுமென்றால்கூட அவள் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டில் நைனா, "ஆச்சா?" என்று கேட்டார்.

"அவளுக்கு ஒரு கொழந்த இருக்குது நைனா. காய்ச்சல்."

"யாருக்கு?"

"கொடும்பாவிக்கு."

நைனாவின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "வைக்கோலுக்கா?" என்றார். அம்மா ரசத்தைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் களத்துமேட்டில் பாட்டுக்கார அம்மாளுக்குப் படித்துக்காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஒரு தரம் கேட்டால் மனதில் இருத்திக்கொள்வார். இரண்டாம் தரம் கேட்கும்போது என் வார்த்தையைத் தள்ளிவிட்டுத் தன் வார்த்தையைப் போட்டுவிடுவார். அதுதான் நன்றாக இருக்கும். நான் எழுதியதும் அவர் மாற்றியதும் கலந்து தண்ணீர்ப் பாட்டு இப்படி நின்றது:

தாகமென்னு வந்தவன தள்ளிக் கதவடைச்சே,
பானையில ஒரு கையி பச்சத் தண்ணி வச்சிருந்தே.
காய்ச்சப் பட்ட புள்ளைக்கி நாக்க நனைக்க வச்சிருந்தே,
கதவுக்கு அந்தாண்ட அவன் காலடி போனது கேட்டிருந்தே.

பாடி முடித்துவிட்டு வைக்கோல்போரைப் பார்த்தார்.

"சின்னய்யா, இது திட்டறாப்பல இல்லியே."

"அழுகை வர வேணாமா? ஒப்பாரின்னா?"

"அளுவ வரும். அதான் பயமாக் கீது."

எனக்கு உள்ளே ஒரு சிட்டிகை ஆணவம் இருந்தது. இதுவரை எழுதியதற்கெல்லாம் ‘தங்கள் படைப்பைப் பயன்படுத்த இயலவில்லை’ என்று அச்சடித்த அட்டை வந்தது. இங்கே ஒருவர் பயப்படுகிறார். பாட்டை மாற்றவில்லை. கடைசிப் பாட்டைச் சொன்னேன். அதில் கொடும்பாவி செய்த பெரிய பாவம் ஒன்றிருந்தது. வறட்டி தட்டிக் காயவைத்த நாளில் மழை வந்துவிட்டது. அவள் வானத்தைப் பார்த்து, உனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா, நாசமாய்ப் போ என்றாள். மழை அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டது.

அந்த அம்மாள் அதற்கு மட்டும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இழுத்தார்கள். பானையில் சுண்ணாம்பு அடித்துக் கரியால் முகம் வரைந்திருந்தது. கோரமான கண், கோரமான பல். வைக்கோல் உடம்பைப் பனைமட்டை மேல் கிடத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். அவளுக்குப் பிள்ளையாக இருந்து மொட்டையடித்து, கொள்ளி வைக்க ஒருவர் வேண்டும். எங்கள் ஏர் ஓட்டுபவர்தான் மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை. அவருக்கு ஏற்கெனவே தலை முக்கால்வாசி வழுக்கை. "எனக்கு ஒண்ணும் பேஜார் இல்லீங்க. ரெண்டு இளுப்புல முடிஞ்சுடும்" என்பார்.

பறை முன்னால் போயிற்று. முதல் தெருவில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெண்கள் துடைப்பத்தோடு வந்து கொடும்பாவியை அடித்தார்கள். நான் வரிசைக்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தேன், கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அண்ணனைப்போல.

இரண்டாம் தெருவில் தண்ணீர்ப் பாட்டு வந்தது. அவர் குரல் உயரமான குரல் அல்ல. தரையோடு வந்து காலைப் பிடிக்கிற குரல். துடைப்பங்கள் தாழ்ந்தன. ஒரு பெண் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீருக்குப் பாதி ஊர் அலைந்துகொண்டிருந்த நாள் அது. குனிந்து கொடும்பாவியின் வாயில் ஊற்றினாள். கரிப் பற்கள் கரைந்து வழிந்தன. அதுவரை இளித்துக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் அடிக்கவில்லை.

மூன்றாம் தெருவில் மழையைத் திட்டிய பாட்டு. ஊரிலேயே வாய்க்குப் பேர்போன ஒரு பெரியம்மா அங்கே இருந்தார். அவர் சண்டைக்கு வந்தால் நாய்கூடத் தெரு மாறும். பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த மழ பாட்ட இன்னொரு தபா பாடு."

பாடினார்.

"எம் பொண்ணு கல்யாணத்துல பந்தலு நனஞ்சிது" என்றார் பெரியம்மா, யாரிடம் என்றில்லாமல். "எல அத்தினியும் தண்ணில மெதந்துது. வாய்ல வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். இவள எரிக்கணும்னா என்னையும் இல்ல எரிக்கணும்?"

"நான் மொளகா காயப் போட்டப்போ திட்டினேங்க" என்றாள் இன்னொருத்தி.

"எங்க வூட்டு வறட்டி" என்று ஒரு குரல்.

"போன மாசிலே கூத்து நின்னு போச்சே, அன்னிக்கி நானும் ஒரு வார்த்த வுட்டேன்" என்றார் பறை அடிப்பவர்.

தெரு முழுக்கப் பாவிகளாக நின்றார்கள். யார் யார் எந்த மழையை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்றிருந்தது. கூரை ஒழுகி என் கையெழுத்துப் பிரதியில் எட்டுப் பக்கம் கரைந்த நாளில் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பெரியம்மா உள்ளே போய் ஒரு பழைய சுங்கடிப் புடவையைக் கொண்டுவந்து கொடும்பாவிக்குச் சுற்றினார். பொம்பளையை இப்படியா தெருவில் இழுப்பது என்றார். அதன் பிறகு இழுக்கவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏரிக்குள் ஏர் ஓட்டுபவர் கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"வைடா" என்றார் நைனா.

"தண்ணி குடிச்ச வாயி இன்னும் காயல. எப்டிங்க வைக்கறது?"

"அது வைக்கோல்டா."

"தெரியுங்க. ஆனா நான் மொட்ட அடிச்சது நெசந்தானுங்களே."

"இருந்த நாலு முடிக்கு இவ்ளோ பேச்சா" என்றார் யாரோ. ஒருவரும் சிரிக்கவில்லை. கொள்ளியை வாங்கிக்கொள்ளவும் யாரும் கை நீட்டவில்லை. கடைசியில் அவளை மதகுச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு ஊர் திரும்பியது. நைனா என்னைத் தாண்டிப் போகும்போது, "திட்டச் சொன்னா தாலாட்டிட்டு வந்துகீறான்" என்றார்.

எனக்கு அது பட்டமளிப்பு மாதிரி இருந்தது. ஓர் ஊரையே அழவைத்துவிட்டேன். எட்டு நாவல்களில் எதுவும் பிறகு அதைச் செய்யவில்லை. கால் தரையில் இல்லை. யாராவது ஒருவரிடம் இதைப் பேச வேண்டும் என்று திரும்பினால், அந்த அம்மாள் மட்டும் நின்றிருந்தார். அவர் அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எரிக்காம போறாங்க சின்னய்யா."

"ஆமா. பாத்தியா, என்னமா..."

"அப்போ மள?"

கால் தரைக்கு வந்தது. கொடும்பாவியை எரித்தால் மழை வரும் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், படித்தவன் என்ற மிதப்பில் இல்லை என்றிருப்பேன். ஆனால் அந்த நிமிஷத்தில், வரவேண்டிய மழையை வழியில் நிறுத்தி அனுப்பிவிட்டவன் நான்தான் என்று தோன்றியது.

புதன்கிழமை எனக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. வைக்கோல்போர் மேல் ஏறி நின்று வானம் பார்த்தேன். இறங்கினேன். ஏறினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஊர் அடங்கிய மத்தியான வெயிலில் அடுக்களையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். யாரும் பார்க்காமல் கொளுத்திவிடலாம். எழுதியவனே முடித்துவைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஆடுகள் அவளுடைய ஒரு கையைத் தின்றிருந்தன. சுங்கடிப் புடவையில் அவள் யாருக்கோ காத்திருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள். ஒரு குச்சியைக் கிழித்தேன். காற்று அணைத்தது. இரண்டாவதைக் கிழித்து, எரிய எரியக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விரல் சுட்டது. மதகுக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. பாட்டுக்கார அம்மாள். அவர் கையிலும் ஒரு தீப்பெட்டி.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

"நீ வை" என்றார். "எளுதினவன் நீ."

"பாடினது நீதானே. நீ வை."

"நான் பாடினவ. பாடினவளுக்குக் கை வருமா?"

"எனக்கு மட்டும் வருமா?"

"ஐயே. ரெண்டு பேர் வந்து இன்னா பிரயோசனம்."

வெயிலில் நின்று கொஞ்சநேரம் இப்படியே சண்டை போட்டோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எம் பொண்ணு, எம் பொண்ணு என்று இரண்டு தரம் சொன்னார். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார். எடுத்ததை மறுபடி உள்ளே வைத்தார். பிறகு குனிந்து, ஆடு இழுத்துக் கலைத்திருந்த புடவைத் தலைப்பை அவள் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் கரையேறிப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகலில் தூறியது.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மண் வாசனை ஒரு முழ உயரத்துக்கு எழுந்து அதற்குமேல் ஏறவில்லை. ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் பெய்தது. நைனா கழனியில் குந்தி ஆள்காட்டி விரலை மண்ணில் குத்தி எடுத்துப் பார்த்தார். நகக்கண் அளவுக்கு ஈரம். அவ்வளவுதான்.

அந்த நகக்கண் ஈரத்தை வைத்துக்கொண்டு ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரக்கப்பட்டதால்தான் இதுவாவது வந்தது என்று பெரியம்மா கட்சி. எரித்திருந்தால் ஏரி நிறைந்திருக்கும் என்று நைனா கட்சி. அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது: ஞாயிற்றுக்கிழமை வேறொரு கொடும்பாவி கட்டுவது, இந்தத் தடவை கட்டாயம் எரிப்பது. பாட்டு யார் என்ற கேள்வி வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"கெடுத்தவன்தான் சரி பண்ணணும்" என்றார் நைனா.

அம்மா அதுவரை எதிலும் பேசாதவள். விளக்கு வைப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைக் கொடுத்தாள். இரண்டு பழைய நூல் புடவைகள், தோய்த்துத் தோய்த்துப் பூவாகிப்போனவை, உள்ளே கருப்பட்டி. "புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு. சேரி முனையில வச்சுட்டு யாரையாவது கூப்ட்டுச் சொல்லிட்டு வந்துடு" என்றாள். முனையில் வைக்க மனம் வரவில்லை. உள்ளே போனேன். அது ஒன்றும் வீரச் செயலில்லை. இருநூறு தப்படி. ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் நான் நடக்காத இருநூறு தப்படி. ஊர் முழுக்க நடந்து தேய்த்தவன் என்று பெருமை வேறு.

மகள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூட்டையை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாட்டு எளுதினது நீங்கதானா? எங்கம்மா ரெண்டு நாளா உங்களத்தான் திட்டிக்கினு கீது."

"இன்னா திட்டிச்சி?"

"உங்களத் திட்டின திட்டக் கொடும்பாவிக்கு வச்சிருந்தா இந்நேரம் வெள்ளமே வந்திருக்கும்" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே அவள் அம்மா எதையோ துணியில் இறுக்கி முடிந்துகொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாலைக்குப் போனேன். பதினெட்டு பேர், மண்வெட்டி, கூடை, சட்டி, சுருட்டிய பாய். மேஸ்திரி பீடியைப் புகைத்துக்கொண்டு தலைகளைச் சரிபார்த்தார். உத்திரமேரூர்ப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. சாமான்கள் மேலே ஏறின. ஆட்கள் உள்ளே ஏறினார்கள். அந்த அம்மாள் கடைசியாகப் படியில் கால் வைத்தார். நான் அருகில் போனேன்.

"மழ வந்தா அன்னிக்கே ஆள் அனுப்பறேன்."

"அனுப்பு. நாத்து ரொம்ப முத்த வுடாதீங்க." கண்டக்டர் உள்ளே போ என்றார். அவர் போகவில்லை. "ஞாயித்துக்கெளம வேற ஒண்ணு கட்டறாங்களாமே?"

"ஆமா."

"பாட்டு யாரு?"

"நான்தான். எழுதச் சொல்லிட்டாங்க."

விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தார்.

"இந்தத் தபாவாவது நல்லாத் திட்டி எளுது, சின்னய்யா. நான் ஊரு திரும்பணும்."